வலைக்காரனுக்குத் தலைக்கவசம் இல்லை

இன்று காலை எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் உன் வலையை நனைத்தேன். ஏழு மாதமாகக் கீழே கெல்லர் என்கிற நிலவறையில் ஒரு பையில் சுருண்டு கிடந்தது. வெந்நீர் விடவில்லை, நீ சொன்னபடி பச்சைத் தண்ணீர்தான். கால் மணித்தியாலத்துக்குள் வீடு முழுக்க அந்த மணம் ஏறிவிட்டது. ஊறிய நூல், ஈயம், எங்கோ முடிச்சுகளுக்குள் இன்னும் ஒட்டிக் கிடக்கிற அரங்கத்து மணல். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, உங்கடை சிநேகிதர் வந்திட்டாரோ?" என்றாள். ஓம் என்றேன்.

போன கிழமை, எங்கள் கிளாடியேட்டர் குழுவை நடத்துகிற மன்ஃப்ரெட் தொலைபேசியில் கூப்பிட்டார். எழுபத்தெட்டு வயதாகிவிட்டது, குரல் மட்டும் இன்னும் நடுவர் குரல். ஞாயிற்றுக்கிழமை ட்ரியர் அரங்கத்தில் நிகழ்ச்சி என்றார். கேடயக்காரர் இருக்கிறார்கள், வாள்காரர் இருக்கிறார்கள், வலைக்காரன்தான் இல்லை. "நீ வலை எடுப்பாயா?" என்று கேட்டார். நானோ இத்தனை வருடமும் மறுபக்கத்து ஆள். தலை முழுக்க மூடிய இரும்புத் தொப்பி, பெரிய கேடயம், குட்டை வாள். ரோமர்கள் அந்த வேடத்துக்குத் 'துரத்துகிறவன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வலைக்காரனுக்கு எதிரே எப்போதும் துரத்துகிறவனைத்தான் நிறுத்துவார்கள். நான் துரத்தினேன், நீ எறிந்தாய். ஜெர்மனியில் உன் வலைக்குள் என்னைவிட அதிக தரம் விழுந்தவன் ஒருவனும் இல்லை, அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல் வருடம் எனக்கு உன்னைப் பிடிக்காது. நீ அது தெரிந்தும் தெரியாதவன் மாதிரி இருந்தாய். வுப்பர்டால் மலைச்சரிவில் அந்த அகதிகள் விடுதி, ஒரு அறைக்கு நாலு கட்டில், எனக்கு மேல்தட்டு, உனக்குக் கீழ்த்தட்டு. ஊரில் நான் கொக்குவில், நீ கடற்கரைப் பாசையூர். இடையில் நாலு கட்டை தூரம்தான். ஆனால் ஊரில் இருந்திருந்தால் நீ மீனோடு எங்கள் படலை வாசலுக்கு வந்திருப்பாய், நான் உள்ளேயிருந்து அம்மாவைக் கூப்பிட்டிருப்பேன், எங்களுக்குள் நடக்கக்கூடிய கதை அவ்வளவுதான். வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். விடுதிக் குசினியில் என் கோப்பையை நான் தனியாகக் கழுவித் தனியாக வைத்தேன். நீ கவனித்தாய். ஒருநாள் அந்தக் கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, கழுவாமல் என் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனாய். எனக்கு வந்த கோபம் ஒரு கிழமை இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், கோபத்துக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

ஊரில் நான் டியூஷன் கொடுத்தவன் என்பதால் விடுதியில் எல்லோருக்கும் நான் 'மாஸ்டர்'. ஜெர்மன் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. எல்லோருடைய கடிதங்களையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். விசாரணையில் நன்றாகக் கதைத்து மூன்றாம் வருடமே எனக்கு அடைக்கலப் பேப்பர் கிடைத்துவிட்டது. உன்னிடம் ஏன் நாட்டைவிட்டு வந்தாய் என்று கேட்டபோது நீ சொன்னது ஒரு வரி. "கடலுக்குப் போக விடேல்லை." உன் தம்பியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவனை எங்கே வைத்துப் பிடித்தார்கள், பிறகு எப்படிப் பிணமாகக் கொண்டுவந்து போட்டார்கள், ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "அவனை உவங்கடை கடதாசியிலை எழுதிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை" என்றாய். உன் அன்ட்ராக், அதாவது அடைக்கல விண்ணப்பம், மறுக்கப்பட்டது. கையில் டுல்டுங் என்கிற தாளைக் கொடுத்தார்கள். 'பொறுத்துக்கொள்கிறோம்' என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் முத்திரை குத்திக்கொள்ளவேண்டும், எந்த மூன்றாம் மாதத்திலும் அவர்கள் குத்தாமல் விடலாம். அனுமதி இல்லாமல் மாநில எல்லை தாண்டக் கூடாது. எங்கள் மாநிலத்தில் கடல் இல்லை.

மன்ஃப்ரெட்டை நாங்கள் கண்டது நகரத் திருவிழாவில். தொழிலால் அவர் வீடுகளுக்குச் சூடாக்கும் குழாய் பொருத்துகிறவர், வேலை முடிந்தால் லத்தீன் படிக்கிறவர். பழைய ரோமாபுரியின் கிளாடியேட்டர் சண்டையை அப்படியே செய்து காட்ட ஒரு குழு வைத்திருந்தார். சந்தைச் சதுக்கத்தில் மணல் கொட்டி வட்டம் போட்டிருந்தார்கள். கையில் சூலமும் வலையுமாக ஒரு நெட்டை மாணவன் வந்து நின்றான். வலையை எறிந்தான். அது காற்றில் ஒரு சுருட்டுச் சுருண்டு அவன் காலடியிலேயே விழுந்தது.

நீ வாய்விட்டுச் சிரித்தாய். "உது என்ன மாஸ்டர், வேட்டி காயப் போடுறானோ?"

சனம் திரும்பிப் பார்த்தது. மன்ஃப்ரெட் கிட்ட வந்து, உங்கள் நண்பர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். அழகான கலை என்கிறார் என்று நான் மழுப்பப் பார்த்தேன். நீ அதற்குள் வட்டத்துக்குள் இறங்கிவிட்டாய். வலையைத் தூக்கி, ஈயக் குண்டுகளை விரலால் எண்ணுகிறவன் மாதிரித் தடவி, "ஒரு வாளி தண்ணி வேணுமெண்டு சொல்லும்" என்றாய். ஏன் என்று அவர் கேட்டதை நான் மொழிபெயர்க்க, நீ சொன்னாய். "காய்ஞ்ச வலை எறியிறதும் ஒண்டு, பேசாமல் வீட்டிலை படுக்கிறதும் ஒண்டு." வாளி வந்தது. வலையை முக்கி எடுத்தாய். பாதியை முழங்கையில் மடித்துப் போட்டாய், விளிம்புக் கயிற்றின் ஒரு துண்டைப் பல்லால் கடித்தாய், இடுப்பைத் திருப்பி விட்டாய். வலை முழு வட்டமாக விரிந்து, அந்த நெட்டை மாணவனையும் அவன் எதிராளியையும் சேர்த்து மூடியது. ஈயம் மணலில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சதுக்கம் முழுக்கக் கை தட்டியது. எனக்கு அந்த நேரம் வந்தது பெருமை. உன்னால் எனக்குப் பெருமை வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நீ குழுவில் ஆள். மொழிபெயர்க்கத் துணைக்கு வந்த என்னை, சும்மா நிற்கிறாய்தானே என்று தொப்பிக்குள் போட்டு உனக்கு எதிரே நிறுத்திவிட்டார்கள்.

பயிற்சி முடிந்து மன்ஃப்ரெட் கதைப்பதை நீ எவ்வளவு கவனமாகக் கேட்பாய். கிளாடியேட்டர் என்றால் கண்மூடித்தனமாக வெட்டிச் சாகிறவன் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் தலையை ஆட்டி மறுப்பார். போரில் பிடிபட்டவர்கள், அடிமைகள், தண்டனை பெற்றவர்கள், சிலபேர் தாங்களாகவே வந்து சேர்ந்தவர்கள். வருடக்கணக்காகச் சோறுபோட்டுப் பழக்கிய ஆளைச் சும்மா சாகவிட எந்த முதலாளிக்கும் மனம் வராது. நடுவர் உண்டு, கையில் நீண்ட கோல் உண்டு, விதி உண்டு, வைத்தியர் உண்டு. தோற்றவன் கேடயத்தைக் கீழே போட்டு ஒரு விரலை உயர்த்துவான். சண்டையை நடத்துகிற பெரிய மனிதர் சனத்தைப் பார்ப்பார். நன்றாகச் சண்டை பிடித்தவனை விடச் சொல்லிச் சனம் கத்தும், அநேகமாக விடுவார்கள். செத்தவர்களும் நிறையப்பேர், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் தொடர்ந்து வென்று, சனத்தின் மனதைப் பிடித்தவனுக்கு ஒருநாள் எல்லோர் முன்னாலும் ஒரு மரவாளைக் கொடுப்பார்கள். இரும்பில் பிழைத்தவன் இனி இரும்பைத் தொடத் தேவையில்லை. மரவாள் கைக்கு வந்தால் அவன் சுதந்திர மனிதன்.

"எத்தினை வருசம் பிடிக்கும்?" என்று நீ கேட்டாய்.

சிலருக்கு மூன்று, சிலருக்குப் பத்து, பலருக்குக் கிடைக்கவே இல்லை என்றார்.

"அங்கையும் டுல்டுங்தான்" என்றாய். அதை நான் மொழிபெயர்த்தபோது மன்ஃப்ரெட் சிரிக்கவில்லை.

வலைக்காரனைக் கிளாடியேட்டர்களுக்குள்ளேயே கடைசி ஆளாகத்தான் வைத்திருந்தார்களாம். தலைக்கவசம் இல்லாமல், முகம் தெரிய நிற்பவன் அவன் ஒருவன்தான். ஏன் என்று பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். நீ அதைக் கேட்டுவிட்டு, இதிலே யோசிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரிப் பார்த்தாய். "தொப்பியைப் போட்டால் எப்பிடிக் கயித்தைக் கடிக்கிறது?" மன்ஃப்ரெட் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, வலைக் கயிற்றைத் தன் பல்லில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். இதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை, ஆனால் இல்லை என்று சொல்லவும் தன்னால் முடியவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைச் சட்டம் போட்டுத் தன் பட்டறையில் மாட்டிவைத்திருக்கிறார், இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

அவர்கள் தின்றது பார்லியும் அவரையும் என்று மன்ஃப்ரெட் ஒவ்வொரு வருடமும் முதல் பயிற்சியன்று ஒரு கஞ்சி காய்ச்சுவார். நீ போத்தலில் உறைக்கிற கட்டைச் சம்பல் கொண்டுவந்து எல்லோருடைய கஞ்சியிலும் போட்டாய். அந்தக் குழுவில் இன்றுவரை சம்பல் இல்லாமல் ஒருவரும் அதைத் தொடுவதில்லை. இன்னொரு நாள் எங்கள் தொங்கு ரயிலில் சூலத்தோடு ஏறினாய். எதிர் இருக்கையில் இருந்த தமிழ் அம்மா பக்தியோடு எழும்பி இடம் விட்டு, "எந்தக் கோயில் தம்பி?" என்று கேட்டா. அந்தோனியார் பதக்கத்தைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, "ரோமாபுரி அம்மன் அம்மா" என்றாய். நான் சிரிப்பை அடக்க அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டியதாகிவிட்டது.

தம்பி விஷயத்தில் உன் மனம் மாறியதும் அந்தப் பட்டறையில்தான். மன்ஃப்ரெட் ஒரு புத்தகத்தில் கிளாடியேட்டர் ஒருவனின் நடுகல் படத்தைக் காட்டினார். பெயர், வயது, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி, கடைசியில் யார் அந்தக் கல்லை வைத்தது என்பது. கூடச் சண்டை பிடித்த ஒருவன் வைத்தது. நீ அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாய். "ஆரோ எழுதி வைச்சபடியால்தானே நாங்கள் இண்டைக்கு அவன்ரை பேரைச் சொல்லுறம்" என்றாய். வரும் வழியில், மழைக்குள், என்னிடம் கேட்டாய். "மாஸ்டர், தம்பியைப் பற்றி எழுதுவமோ?"

மூன்று ஞாயிறு இருந்து எழுதினோம். நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டாம் அன்ட்ராக் போட்டோம். வக்கீல் அம்மா வாசித்துவிட்டு, இதை ஏன் ஒன்பது வருடம் சொல்லவில்லை என்று கேட்டா. இதுதான் கடைசி வழி என்றும், இதுவும் மறுக்கப்பட்டால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்றும் சொன்னா.

அந்த வருடம்தான் குழுவுக்கு ட்ரியரில் ஆட இடம் கிடைத்தது. ரோமர்கள் கட்டிய உண்மையான அரங்கம். இரண்டு நாளுக்கு மாநில எல்லை தாண்ட உனக்கு அனுமதித் தாள் எடுத்தோம். சனிக்கிழமை காலை மன்ஃப்ரெட்டின் வாகனத்தில் ஏறும்போது நீ ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு மத்தியானம், அரங்கத்துக்குப் பின்னால் கூடாரத்தில் உடை மாற்றும்போதுதான் கண்டேன். வலைப் பைக்குள் விரல் உயர அந்தோனியார் சிலை, அதற்குக் கீழே மடித்த மஞ்சள் உறை. முதல்நாள் காலையில் தபால்காரர் கொண்டுவந்ததாம். மஞ்சள் உறை என்றால் முடிவு வந்துவிட்டது என்று அர்த்தம். விடுதியில் மஞ்சள் உறையில் நல்ல செய்தி வந்ததாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

"ஐசே, திறப்பம்" என்றேன். அந்த நாள்வரை உன்னை அப்படித்தான் கூப்பிட்டேன். ஐசே, நீர், உமக்கு என்று ஓர் எட்டத்தில் வைத்து.

"செவ்வாய்க்கிழமை திறப்பம்."

"செவ்வாயிலை ஆரும் நல்ல காரியம் பாப்பினமோ?"

"உங்கடை ஆக்கள் பாக்கமாட்டினம். அது அந்தோனியாற்றை நாள்."

"மறுப்பெண்டால் அப்பீல் பண்ண ஒரு கிழமைதான் தவணை. நாளைக்குக் காலமையே லோயரைப் பிடிக்கவேணும். விளங்குதோ உமக்கு?"

நீ வலையின் முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "இண்டைக்கு எனக்கு ஒரு சண்டை கிடக்கு, மாஸ்டர். அதை வாசிச்சிட்டு வலை எறிஞ்சால் கை நடுங்கும். நல்லதெண்டாலும் நடுங்கும்." பிறகு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாய்.

நான் திறந்தேன். உன்னிடம் பிறகு எத்தனையோ தரம் சொன்ன அதே சமாதானத்தை இப்போதும் சொல்கிறேன், தவணை ஓடிக்கொண்டிருந்தது. உண்மை என்னவென்றால் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தோனியாரைக் கவனமாக ஒரு பக்கம் வைத்துவிட்டு உறையைக் கிழித்தேன். உன் பெயர், பிறந்த திகதி, பிறகு ஒரு வரி. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கடிதம் வாசித்தவன், அந்த ஒரு வரியை மூன்று தரம் வாசித்தேன். அடைக்கலம் வழங்கப்படுகிறது. கீழே காரணம் எழுதியிருந்தார்கள். அதையும் வாசித்தேன்.

வெளியே கொம்பு ஊதியது. நீ நனைந்த வலையோடு வந்து, வா என்று தலையைச் சாய்த்தாய். உனக்குச் சொல்லிவிட வாயெடுத்தேன். கை நடுங்கும் என்றாயே, அதனால் சொல்லவில்லை. கடிதத்தைக் கைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டு தொப்பியைப் போட்டேன். அந்தத் தொப்பியில் கண்ணுக்கு இரண்டு சின்ன ஓட்டைதான் உண்டு, சூலத்தின் முனை நுழையாமல் இருக்க. உள்ளே இருக்கிறவனின் முகம் ஒருவருக்கும் தெரியாது. அழுவதற்கென்றே ரோமர்கள் செய்துவைத்தது போல இருந்தது.

அன்றைக்கு நீ ஆடிய ஆட்டத்தை நான் இரண்டு ஓட்டையால் பார்த்தேன். சுற்றிவர ஆயிரம் இரண்டாயிரம் சனம் புல் மேட்டில் இருந்தது. நான் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு துரத்தினேன். நீ ஓடவில்லை, கடலில் மீன் வருகிற நேரம் பார்க்கிறவன் மாதிரிப் பின்னுக்குப் பின்னுக்கு நடந்தாய். தொப்பிக்குள் காற்றுப் போதாது என்று உனக்குத் தெரியும், நான் களைக்கும்வரை காத்திருந்தாய். இரண்டு தரம் என் வாள் உன் தோள்பட்டைத் தகட்டில் பட்டது. சனம் என் பக்கம் கத்தியது. மூன்றாம் தரம் நான் எட்டிக் குத்தியபோது நீ அந்த இடத்தில் இல்லை. இடப்பக்கம் திரும்பினால், வாயில் கயிற்றோடு உன் முகம், பற்கள் முழுக்கத் தெரிய. பிறகு வானம் மறைந்தது. ஈயம் ஒவ்வொன்றாகத் தொப்பியில் விழுந்து மணி அடித்தது. கால் பின்னி, கேடயம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீ சூலத்தை என் கழுத்துக்கு மேலே பிடித்தாய்.

விதிப்படி ஒரு விரலை உயர்த்தினேன். மன்ஃப்ரெட் கோலை இருவருக்கும் நடுவில் நீட்டிவிட்டு, பெரிய மனிதர் வேடத்தில் இருந்தவரைப் பார்த்தார். சனம் விடு விடு என்று கத்தியது. என் தோள் குலுங்குவதை நீ கண்டிருக்கவேண்டும். குனிந்தாய்.

"என்ன மாஸ்டர், நோகுதே?"

"மச்சான்" என்றேன். கொக்குவில் வாயால் பாசையூரைப் பார்த்து முதல் தரம் அப்படிச் சொன்னேன். "கடிதத்தைத் திறந்திட்டன். தந்திட்டாங்கள். உனக்குத் தந்திட்டாங்களடா."

"என்னத்தை?"

"பேப்பர். நீ இனி எங்கையும் போகலாம்."

நீ அசையவில்லை. சனத்துக்கு, தோற்றவன் உயிர்ப்பிச்சை கேட்கிறான், வென்றவன் யோசிக்கிறான். இன்னும் பலமாகக் கத்தினார்கள். நீ இன்னும் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கக் கேட்டாய்.

"தம்பியின்ரை கதையை நம்பினவங்களோ?"

"ஓம். நம்புறமெண்டு எழுதியிருக்கு. அவன்ரை பேரும் எழுதியிருக்கு."

சூலம் உன் கையிலிருந்து விழுந்தது. நீ மணலில், எனக்குப் பக்கத்தில், கால் நீட்டி இருந்துவிட்டாய். கிளாடியேட்டர் விதிகளில் அப்படி ஒன்று கிடையாது. மன்ஃப்ரெட் பதறி வந்து முழங்காலில் இருந்து, யாருக்கு அடிபட்டது என்று கேட்டார். வலைக்குள் கிடந்தபடியே ஜெர்மனில் சொன்னேன். அந்த மனிதர் ஒரு கணம் இரண்டு பேரையும் பார்த்தார். எழுந்து, கோலை மணலில் ஊன்றிவிட்டுக் கூடாரத்துக்கு ஓடினார். அறுபது தாண்டியவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது கையில் மரவாள். நிகழ்ச்சியின் கடைசியில் இன்னொருவருக்குக் கொடுக்க வைத்திருந்தது. சனத்தைப் பார்த்து லத்தீனில் ஏதோ சொன்னார், பிறகு ஜெர்மனில் ஒரே வசனம். "இந்த மனிதன் சுதந்திரமானவன்."

மேடு முழுக்க எழும்பி நின்றது. அவர்கள் நாடகத்துக்குக் கை தட்டினார்கள். அது நாடகம் இல்லை என்று அங்கே தெரிந்தது மூன்று பேருக்கு. நீ மரவாளை இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாய். அதற்குப் பிறகு எல்லோரும் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என்னை வலையிலிருந்து எடுக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நான் மணலில் கிடந்து, வலைக் கண்களுக்கூடாக வானத்தைப் பார்த்துக்கொண்டு, சத்தம்போட்டுச் சிரித்தேன்.

திரும்பி வரும் வழி முழுக்க நீ என்னோடு கதைக்கவில்லை. "சந்தோசம்தான். ஆனால் திறந்தது பிழை" என்று மட்டும் சொன்னாய். விடுதிக்கு வந்ததும் கடிதத்தை உறைக்குள் போட்டு, கிழிந்த இடத்துக்கு டேப் ஒட்டி, சிலைக்குக் கீழே திரும்ப வைத்துவிட்டாய். செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்திவிட்டு என்னை வரச் சொன்னாய். டேப்பை நீயே உரித்து, தாளை என் கையில் தந்து, "இப்ப வாசி" என்றாய். நான் முதல் தரம் வாசிக்கிறவன் மாதிரி, உன் பெயரிலிருந்து தொடங்கி, தம்பியின் பெயர்வரை வாசித்தேன். நீ அன்றைக்குத்தான் அழுதாய்.

அகதிகளுக்குக் கொடுக்கிற நீலக் கடவுச்சீட்டு வந்த அன்றே கடலுக்குப் போகவேண்டும் என்றாய். வடகடல் கரைக்கு ஐந்து மணித்தியாலம் ரயில். கரைமேட்டில் ஏறிப் பார்த்தால் கடலைக் காணவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அங்கே கடல் ஒருநாளில் இரண்டு தரம் வெகுதூரம் போய்த் திரும்பி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், நேரம் பார்க்காமல் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். மாஸ்டருக்கு இதுகூடத் தெரியாதோ என்று நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் கால் வைத்தாய். "பாசையூர்ச் சேறுதான். கொஞ்சம் குளிர்" என்றாய். பிறகு மேட்டில் வந்து இருந்தாய். "ஒம்பது வருசம் இருந்தனான். ஆறு மணித்தியாலம் இருக்க ஏலாதோ?"

கடல் வந்தது. மெல்ல, ஒரு சத்தமும் இல்லாமல், சேற்றின் பள்ளங்களால் நிறைந்து நிறைந்து வந்தது. நீ முழங்கால் தண்ணீரில் இறங்கி, ரோமாபுரி வலையைப் பல்லால் கடித்து எறிந்தாய். இரண்டு சின்ன நண்டு வந்தது. இரண்டையும் திரும்ப விட்டாய்.

மரவாள் வாங்கிய பிறகும் அரங்கத்தை விட்டுப் போகாத ஒரு வீரனைப் பற்றி மன்ஃப்ரெட் ஒருமுறை சொன்னார். நாலு தரம் விடுதலை கொடுத்தும் திரும்பத் திரும்பச் சண்டைக்கே வந்தானாம். விடுதலை பெற்றவனைக்கூட ஊர் முழு மனிதனாக மதிக்கவில்லை, அதனால் இருக்கலாம் என்றார். பேப்பர் கிடைத்த பிறகும் நீ ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் பயிற்சிக்கு வந்தபோது, அந்த ஆளைப் போலவா நீயும் என்று உன்னைக் கேட்டார். நீ அதற்குள் ஜெர்மன் பழகியிருந்தாய், என்னை எதிர்பார்க்கவில்லை. அவருக்குச் சொன்னதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாய். "அவன் போக இடமில்லாமல் நிண்டவன், மச்சான். எனக்குப் போக ஏலும். அதாலை நிக்கிறன்."

போன மாசியில் நீ போனாய். நெஞ்சுவலி என்று சேர்த்த ஆசுப்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தாய். அந்த இரண்டு நாளிலும் எனக்கு வேலை வைத்தாய். மரவாளை உன்னோடு வைக்கச் சொன்னாய், வைத்தேன். வலை எனக்கு என்றாய். "காயவிட்டு வைச்சிராதை" என்றாய், அதில்தான் பிழை விட்டுவிட்டேன், ஏழு மாதம் காயவிட்டுவிட்டேன். கல்லறைக் கல்லில் உன் பெயரோடு தம்பியின் பெயரும் இருக்கிறது, கீழே இந்தக் கல்லை வைத்தது யார் என்பதும் இருக்கிறது. மன்ஃப்ரெட் பெயரும் என் பெயரும். மேலே ஒரு வலை செதுக்கச் சொன்னோம். கல்தச்சர் வலைக் கண்களைப் பெரிதாகச் செதுக்கிவிட்டார், நெத்தலி எல்லாம் தப்பிவிடும். நீ பார்த்தால் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

போன கிழமையிலிருந்து குழுவின் பயிற்சி வலையைத் தொடர்மாடிக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் எறிந்து பழகுகிறேன். முதல் நாள் நான் எறிந்ததைப் பார்த்தால் வேட்டி காயப் போடுகிறேன் என்று நீ சொல்லியிருப்பாய். போன வருடம் கட்டிய பொய்ப்பல் கயிற்றோடு சேர்ந்து பறந்துவிடுமோ என்று ஒரு பயம், அதனால் நிஜப்பல் இருக்கிற வலப்பக்கத்தால் கடிக்கிறேன். நேற்று ஆறாவது எறியில் வலை விரிந்தது. முழு வட்டம். பக்கத்து வீட்டுப் பெரியவர் பால்கனியில் நின்று கை தட்டினார். நான் எங்கோ பார்க்கிறவன் மாதிரி உன்னைத் தேடினேன்.

இன்று மத்தியானம் மன்ஃப்ரெட் திரும்பக் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் வீரனை அரங்கத்துக்குள் கூப்பிடும்போது, அவன் எந்தப் பள்ளியில் பழகினவன் என்றும் சேர்த்துச் சொல்வார்களாம். என்னை எந்தப் பள்ளி என்று அறிவிக்க என்று கேட்டார். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பாசையூர் என்றேன். எழுத்தைக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, ரோமர்கள் கட்டிய அந்த அரங்கத்தில், அத்தனை சனத்துக்கும் கேட்க, பாசையூர்ப் பள்ளியின் வலைக்காரன் என்று என்னைக் கூப்பிடுவார்கள். கொக்குவிலில் எங்கள் படலைக்குள் இருந்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கக்கூடியவன், தொப்பி இல்லாமல், முகம் தெரிய, நிமிர்ந்து நடந்து போவேன். நீ எங்கே நின்று பார்த்தாலும் ஒன்றே ஒன்றுதான் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். வலை நனைஞ்சுதோ என்று கேட்பாய்.

நனைந்துவிட்டது, மச்சான்.